மாவட்டக் கோட்டா பட்டத்தோடு நின்றுவிடலாமா?

பாடசாலைக் கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடெங்கும் வாதம் நடக்கிறது. பாராளுமன்றத்திலும் பேசுகிறார்கள், பஸ் தரிப்பிடத்திலும் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் கல்வியின் மறுமுனையில் முதுமாணிப் பட்டத்தின் விதிகள் எப்போதோ மாறிவிட்டன. மாத்தளை மாவட்டத்தில் இந்த வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளை இன்னும் ஐந்தாறு வருடத்தில் அந்த விதிகளுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறது. அதுபற்றி அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை.

2012இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், சாதாரண தரம் தொடங்கி கலாநிதிப் பட்டம் வரை எல்லாத் தகைமைகளையும் பன்னிரண்டு மட்டங்களில் அடுக்கி வைத்தது. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். முதுமாணியை அது இரண்டாகப் பிரித்தது. பாடநெறிகளை மட்டும் படித்து 30 கிரெடிட்டோடு முடிப்பது 9ஆம் மட்டம். 60 கிரெடிட் படித்து, அதில் குறைந்தது 15ஐ ஆய்வில் பெறுவது 10ஆம் மட்டம். இரண்டுக்கும் முதுமாணி என்றுதான் பெயர், பட்டமளிப்பு விழாவில் போடும் அங்கியும் அங்கிதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து சிரேஷ்ட விரிவுரையாளராக உயர, ஆய்வுக் கூறு உள்ள இரண்டாண்டு முதுமாணியாவது வேண்டும். 30 கிரெடிட் முதுமாணி அங்கே போதாது.

இந்தப் பிரிப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆய்வு செய்து எழுதியவரையும் வகுப்பில் இருந்து எழும்பி வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எந்தப் பட்டம் எந்த மட்டம் என்று அரசாங்கமே வரையறுத்தது நல்ல காரியம். நம் கேள்வி வேறு. உயர்மட்ட முதுமாணியை இன்னின்ன பதவிக்குக் கட்டாயம் என்று வைத்த அரசாங்கம், அதை யார் எட்டலாம் என்பதை மட்டும் ஏன் குடும்பத்தின் காசுக்கு விட்டது?

முதற்பட்டத்தில் அரசாங்கம் இப்படி ஒதுங்கி நிற்பதில்லை. கல்விக் கட்டணம் கிடையாது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று கணக்கு இருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, மாத்தளை இல்லை. றத்தோட்டைத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கும் வில்கமுவ விவசாயியின் பிள்ளைக்கும் அந்த 5 வீதத்தில் பங்கில்லை. இருந்தாலும் 55 வீத மாவட்டக் கோட்டா இந்தப் பிள்ளைகளைப் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

பட்டம் முடிந்த மறுநாள் இதெல்லாம் நின்றுவிடுகிறது. முதுமாணிக்கு மாவட்டக் கோட்டா இல்லை, மகாபொல இல்லை, கட்டணமோ பெரும்பாலும் இலட்சக்கணக்கில். பெருந்தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2024 செப்டெம்பரில்தான். அதற்கும் குறைந்த சம்பளத்தில் வளர்ந்து பட்டதாரியான பிள்ளை முதலில் ஒரு வேலையில் ஏறித்தான் ஆகவேண்டும். வீட்டுக் கடன் இருக்கும், படிக்கும் தம்பி தங்கை இருப்பார்கள். ஆகவே வார இறுதி வகுப்பு. மாத்தளை மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லாததால் பேராதனைக்குத்தான் போக வேண்டும். மாத்தளை டவுனில் இருப்பவர் கண்டி பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். வில்கமுவையிலோ லக்கலையிலோ இருந்து வருபவர் வெள்ளி இரவே கண்டியில் தங்க இடம் தேட வேண்டும். அங்கே பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரமும் தமிழில் கலைப் பட்டமும் முடித்தவருக்கு முதல் ஆறு மாதம் மொழியோடேயே போய்விடும்.

இந்த நிலையில் இருக்கும் ஒருவர் ஞாயிறு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எதைத் தெரிவு செய்வார்? ஒரு வருடம், தவணைக் கட்டணம், ஆய்வுக் கட்டுரை தேவையில்லை என்பதைத்தான். விளம்பரத்தில் பாடநெறியின் பெயர் பெரிதாக இருக்கும், விண்ணப்ப முடிவுத் திகதி தடித்த எழுத்தில் இருக்கும். இது 9ஆம் மட்டமா 10ஆம் மட்டமா, இதை முடித்தால் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்ற விவரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடன் பட்டு முடித்த பிறகு நேர்முகப் பரீட்சை மேசையில் வைத்து அது சொல்லப்படுவது பெரிய அநியாயம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. திறைசேரிப் பணம் முதற்பட்டத்துக்கே போதாது; ஆய்வுகூடத்துக்கும் வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்கும் முதுமாணிக் கட்டணத்திலிருந்துதான் செலவு செய்கிறோம் என்கிறார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் உண்மை. அதனால் எல்லா முதுமாணியையும் இலவசமாக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. 10ஆம் மட்ட முதுமாணி ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு இடத்தைக் கட்டணமின்றி ஒதுக்கி, முதற்பட்டத்தைப் போலவே மாவட்ட அடிப்படையில் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைத் திறைசேரி ஏற்க வேண்டும். ஒதுக்கும்போது மாவட்டத்தின் சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. மாத்தளை நகரத்தின் பெறுபேறு தோட்டத்தையும் லக்கலையையும் மறைத்துவிடும் என்பது அந்தப் பதினாறு மாவட்டப் பட்டியலிலேயே தெரிகிறது. 9ஆம் மட்டத்தை ஏற்கெனவே முடித்தவர் மிச்ச 30 கிரெடிட்டை ஆய்வோடு சேர்த்துப் படித்து 10ஆம் மட்டத்துக்கு வரும் வழியையும் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் திறந்து வைக்க வேண்டும்.

ஆய்வு என்றதும் கொழும்புக்கும் பேராதனைக்கும்தான் ஓட வேண்டும் என்றில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ என்று இந்த மண்ணில் விளைவதையெல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறி லொறியாக மரக்கறி வருகிறது; மூட்டைக்குள் நசிந்து வீணாவதைப் பற்றி எத்தனை ஆய்வும் செய்யலாம். நக்கிள்ஸ் காடு, சீகிரியா, களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக ஊரை விட்டு எழும்பிய லக்கலை மக்கள் என்று சமூகவியலுக்கும் தொல்லியலுக்கும் சூழலியலுக்கும் இங்கே குறைவே இல்லை. பேராதனையில் 1975இல் தொடங்கிய பட்டப்பின் விவசாய நிறுவகமும் 1996இல் தொடங்கிய பட்டப்பின் விஞ்ஞான நிறுவகமும் இருக்கின்றன. பாடத்தை அங்கே படித்து, ஆய்வை மாத்தளையில் செய்ய, அதற்கொரு மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்க ஏற்பாடு செய்தால், வேலையை விட முடியாத குடும்பத்துப் பிள்ளையும் 60 கிரெடிட்டை முடிக்கும்.

நம் பிள்ளைகள் சிலர் இந்தியப் புலமைப்பரிசிலில் அங்கே முதுமாணி படிக்கப் போகிறார்கள். அங்கேயும் விதி மாறிவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட சட்டகத்தின்படி, நான்காண்டுப் பட்டதாரி அங்கே ஒரே வருடத்தில் முதுநிலைப் பட்டம் பெறலாம். அந்த ஒரு வருடப் பட்டத்தோடு ஊர் திரும்புபவரை இங்கே 9இல் வைப்பதா 10இல் வைப்பதா என்பதை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவர் விமானம் ஏறும் முன்பே சொல்ல வேண்டும்.

1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலையைத் தொட 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தின் பலனை மலையகம் இன்னும் அனுபவிக்கிறது. முதுமாணியிலும் அதே தாமதம் நடக்க விடக் கூடாது என்றால், தகவல் உயர்தர வகுப்புக்கே வர வேண்டும். பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் போன சில மாதங்களிலேயே பிள்ளை யோசிக்கத் தொடங்கும். பிற்பாடு எந்த முதுமாணிக்கு எவ்வளவு சுலபமாகப் போகலாம் என்பதும் அதைப் பொறுத்ததுதான். உயர்தரப் பெறுபேறு வந்ததும் மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலைப் பிள்ளையும் பெற்றோரும் வரி விடாமல் படிக்கிறார்கள். மாத்தளை பாக்கியம் தேசியக் கல்லூரியிலும் ஸாஹிராவிலும் இந்து தேசியக் கல்லூரியிலும் ஆசிரியர்கள் அதை விரித்து வைத்துத்தான் ஆலோசனை சொல்கிறார்கள். 5 முதல் 12 வரையான மட்டங்களையும், ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கிரெடிட்டையும், அது திறக்கும் பதவிகளையும் நல்ல தமிழில் அடுத்த கைநூலிலேயே இரண்டு பக்கத்தில் அச்சிடுவதற்குப் புதிய சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. ஆணைக்குழு அதை இந்த வருடமே செய்யலாம்.