விதையோடு விலையும் வேண்டும்

பொள்ளாச்சி அருகே பிறந்த சி.சுப்பிரமணியம் 1964-ல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சரானார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்ததையே பலரும் நினைவுகூர்கின்றனர். அதற்கு முந்தைய ஆண்டே அவர் செய்த காரியம் அதனினும் பெரிது. கட்டுப்படியாகும் விலைக்கு உறுதியில்லாமல் உரத்துக்குச் செலவிட உழவர் துணியமாட்டார் என உணர்ந்து, விலையைப் பரிந்துரைக்க ஒரு குழுவும், கொள்முதலுக்கு இந்திய உணவுக் கழகமும் 1965-ல் அமையச் செய்தார். கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. 1967 தேர்தலில் அவர் தோற்ற பின்னும் இவ்வேற்பாடுகள் நீடித்தன. 1964-65-ல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71-ல் ஏறக்குறைய இருமடங்காயிற்று.

இன்று 20-க்கும் மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. கொள்முதலோ பெரும்பாலும் நெல், கோதுமையோடு நின்றுவிடுகிறது. உளுந்தும் நிலக்கடலையும் பயிரிடும் சிறு விவசாயி, களத்துமேட்டிலேயே வியாபாரி சொன்ன விலைக்கு விற்கிறார். இப்பயிர்களுக்கும் அருகிலேயே கொள்முதல் நிலையம் அமைந்தால்தான் அறிவித்த விலை அவர் கைக்கு வந்து சேரும்.