ஓ.பி. சீட்டில் தொலையும் வலி

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உள்ள மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில், முகம் தெரியாத அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை நம் பட்டதாரிப் பிள்ளைகள் நாள் முழுக்கப் படித்து எண் போடுகிறார்கள். தோள்மூட்டு இறுகிப்போன ஒருவருக்கு எம்75.0 என்று மட்டும் போட்டால் அங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வலது தோள் என்றால் எம்75.01, இடது தோள் என்றால் எம்75.02. எந்தத் தோள் என்று டாக்டர் எழுத மறந்திருந்தால், பெரும்பாலும் கேள்வி அவரிடமே திரும்பிப் போகும். அதே கட்டடத்தில் தரை துடைக்கும் பெண் தோள்வலி தாங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனால், அவர் கையில் கிடைக்கும் ஓ.பி. சீட்டில் ‘உடம்பு வலி’ என்றோ ‘மயால்ஜியா’ என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். அதன் கீழே இரண்டு மாத்திரையின் பெயர். எந்தத் தோள், எத்தனை மாதமாக, என்ன வேலை செய்கிறவர் என்பதெல்லாம் அவர் வாயால் சொன்னதோடு சரி. தமிழ்நாட்டில் இந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை. அது நம் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை, அவ்வளவுதான். இதை டாக்டர்களின் கையெழுத்துப் பிரச்சினையாக நினைத்துக் கடந்துவிட முடியாது. அந்தப் பெண்ணுக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு உதவித்தொகை, நாளை எந்தச் சட்டம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதப்படுவதைப் பொறுத்தே இருக்கின்றன.

தசை, தசைநாண், அதைச் சுற்றிய உறை, மூட்டருகே உராய்வைத் தாங்கும் சிறு நீர்ப்பைகள் என எலும்பல்லாத பகுதிகளில் வரும் கோளாறுகளை மென்திசு நோய்கள் என்கிறோம். சாதாரண எக்ஸ்ரேயில் இவை பெரும்பாலும் தெரியாது. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் இந்த நோயாளிகள்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இவற்றுக்கு இடமில்லாமல் இல்லை. 1990-இல் ஏற்கப்பட்ட அதன் பத்தாவது திருத்தத்தில் எம்60 முதல் எம்79 வரை இவற்றுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எம்70 என்ற பிரிவைப் பாருங்கள்: அளவுக்கு மீறிய பயன்பாட்டாலும் அழுத்தத்தாலும் வரும் கோளாறுகள். செய்யும் தொழிலால் வரும் மென்திசு நோய்கள் இதில் அடங்கும் என்று தலைப்புக்குக் கீழேயே குறித்திருக்கிறார்கள். மண்டியிட்டு வேலை செய்கிறவர்களின் முட்டி வீக்கத்துக்கு அங்கே தனி எண் உண்டு. அந்த வரிசையின் கடைசியில் நிற்பது எம்79.9: இன்னதென்று குறிப்பிடப்படாத மென்திசுக் கோளாறு. வேறெதுவும் பொருந்தாதபோது போடுவதற்காக வைத்த எண் அது. நம் சீட்டுகளுக்கு யாராவது எண் போட உட்கார்ந்தால், பாதிக்கு மேல் அங்கேதான் போய் விழும் என்பது என் ஊகம்.

இதனால் மருத்துவத்திலேயே இழப்பு நேர்கிறது. தோள்மூட்டு இறுக்கமும், மடக்கிய விரல் சிக்கிக்கொள்ளும் ‘டிரிகர் ஃபிங்கர்’ கோளாறும் சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகின்றன. சீட்டில் அந்தப் பெயரை எழுதியிருந்தால், அடுத்து பார்க்கிற டாக்டருக்கோ செவிலியருக்கோ ‘சர்க்கரை பார்த்தாயிற்றா?’ என்ற கேள்வி தானாக எழும். ‘உடம்பு வலி’ என்ற சொல் அந்தக் கேள்வியை எழுப்பாது. ஒரு நோய்க்குத் தனிப் பெயரும் எண்ணும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபைப்ரோமயால்ஜியா ஒரு பாடம். அமெரிக்காவின் பழைய பட்டியலில், 2015 அக்டோபர் வரை, அந்த நாள்பட்ட வலி நோயும் சாதாரணத் தசைவலியும் 729.1 என்ற ஒரே எண்ணுக்குள் கிடந்தன. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாட்டில் எத்தனை பேருக்கு அந்த நோய் என்று எண்ணிப் பார்க்க வழியே இல்லை. எம்79.7 என்ற தனி எண் வந்த பிறகுதான் இரண்டையும் பிரிக்க முடிந்தது.

பணக்கணக்கு இதைவிடக் கூர்மையானது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளி சாதாரண நோயால் விடுப்பு எடுத்தால் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம், அதுவும் வேலை செய்ய முடியாத நிலை நீடிக்கும் வரை. இருபது சதவீத ஊதியம் என்பது தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு திருப்பூர்ப் பெண்ணின் வீட்டு வாடகையாக இருக்கலாம். சுமை தூக்கும்போது தசைநாண் கிழிந்ததா, ஆண்டுக்கணக்கில் தேய்ந்து கிழிந்ததா என்பதற்கு வகைப்பாட்டில் வேறு வேறு அத்தியாயங்களே இருக்கின்றன. முதலாவது காயம், இரண்டாவது நோய். சீட்டில் ‘தோள்வலி’ என்று மட்டும் இருந்தால் அந்தத் தொழிலாளி எதைக் காட்டி வாதாடுவார்? தொழில் நோய் என்று நிறுவுவது இன்னும் கடினம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுத் தசைநாண் உறை அழற்சியும் முழங்கை, முட்டி நீர்ப்பை வீக்கங்களும் இருக்கின்றன. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் அறிவித்த 29 நோய்களில் ஈயநஞ்சு, சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் உண்டு. கையைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அசைப்பதால் வரும் நோய் ஒன்றுகூட இல்லை. சேர்க்கச் சொன்னால் ‘ஆதாரம் எங்கே?’ என்பார்கள். ஆதாரம் சீட்டிலேயே தொலைந்துபோயிருக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல சட்டம், நின்றே கால் வீங்கியவர்களின் குரல் அதற்குத் துணை நின்றது. ஆனால் ஒவ்வொரு தொழிலாளியும் தன் வலிக்குத் தானே குரல் கொடுத்துத்தான் சட்டம் வர வேண்டும் என்றால், குரலற்ற தொழில்கள் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், குற்றத்தை டாக்டரின் தலையில் போடுவது எளிது, தவறும்கூட. நம் விதிகள் படுக்கையில் இருக்கும் நோயாளிக்காக எழுதப்பட்டவை. மருத்துவ ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி உள்நோயாளிகளைப் பற்றியே பேசுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. அதனால் கவனமாக எண் போடும் பழக்கமும் அங்கேயே நின்றுவிட்டது. மென்திசு நோயாளியோ பெரும்பாலும் படுப்பதே இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுகிறார்.

‘ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம், இதில் எண் வேறா?’ என்பது டாக்டர்களின் முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. ஆகவே டாக்டரிடம் எண் கேட்கவே கூடாது. எந்த இடம், எந்தப் பக்கம், எத்தனை நாளாக, என்ன வேலை என்ற நான்கையும் பதிவுச் சீட்டில் அச்சடித்த கட்டங்களாக வைத்தால், மூன்றை வரிசையில் நிற்கும்போதே செவிலியர் நிரப்பிவிடலாம். எண் போடுவது ஆவணப் பிரிவின் வேலை. அதைக் கற்றவர்கள் இந்த மாநிலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது: முதல் நாளில் எது கிழிந்தது, எது வீங்கியது என்று யாருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவது ஆபத்தில்லையா? ஆபத்துதான். அமெரிக்க வழிகாட்டு நெறிகளே, நோய் உறுதியாகாத புறநோயாளிக்கு அறிகுறியின் எண்ணைப் போடுங்கள், ஊகத்தைப் போடாதீர்கள் என்கின்றன. ‘வலது தோள்வலி, நான்கு மாதம், சுமைதூக்கும் வேலை’ என்று எழுதுவதில் ஊகம் எதுவும் இல்லை. நான் குறை சொல்வது தெரிந்ததையும் எழுதாமல் விடுவதை.

அமெரிக்காவைப் பார்த்து அஞ்சுகிறவர்களும் உண்டு. அங்கே சுமார் 14,000 எண்கள் ஒரே மாற்றத்தில் 68,000-ஐத் தாண்டின. ஆமை மோதிக் காயம்பட்டவருக்குக்கூட ஓர் எண் இருக்கிறது. எண் பெருகினால் பில் பெருகும் என்ற அச்சம் வீணானதல்ல. காப்பீட்டுப் பணத்தோடு எண்ணைக் கட்டிப்போட்டதன் விளைவு அது; நம் ஓ.பி. சீட்டில் பில்லே கிடையாது. எனக்கு உண்மையாகவே தயக்கம் தரும் மறுப்பு வேறு. ‘வேலையால் வந்த வலி’ என்று எழுதியதைப் பார்க்கும் முதலாளி, அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட மாட்டாரா? நிறுத்தக்கூடும். அதனால் பெயரோடு கூடிய சீட்டு நோயாளியிடமும் மருத்துவமனையிடமும் மட்டும் இருக்க வேண்டும். தொழில், ஊர், நோய் என்ற எண்ணிக்கை மட்டுமே வெளியே போக வேண்டும்; ஓர் ஆலையை அடையாளம் காட்டும் அளவுக்குச் சிறிய எண்ணிக்கைகள் வெளியாகக் கூடாது. இந்தக் காவல் இல்லாவிட்டால் திட்டமே வேண்டாம் என்பதுதான் என் நிலை.

எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் போதும். அங்கே வரும் காப்பீட்டாளர் யாரிடம் வேலை செய்கிறார் என்பது அவருடைய காப்பீட்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எப்படியும் எழுதியாக வேண்டும். திருப்பூரிலும் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓராண்டு இந்தச் சான்றிதழ்களில் பக்கமும் காலமும் செய்யும் வேலையும் சேர்த்து எழுதச் செய்து, தொழில்வாரியாகத் தொகுத்து மாநிலத் தொழிலாளர் துறை வெளியிடட்டும். தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டும் தோளும் சேர வேண்டுமா என்ற விவாதத்தை அதன் பிறகு நடத்தலாம்.