பழைய படகும் சொந்தக் கையும்

நம் சங்க அன்பர்களில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். அப்படியிருக்கப் படகு ரிப்பேரைப் பற்றி இந்த இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். படகு இல்லாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

என் மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து முப்பதடி நீளமுள்ள ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகை வாங்கியிருக்கிறார்கள். மும்பைத் துறைமுகத்தில் மிதக்கிறது. மழைக்காலம் வந்தால் கரையேற்றிவிடுவார்கள். ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான், மூன்று மழைக்காலமாக அந்தப் படகுக்குச் சம்பளமில்லாத ஃபிட்டர். என் பேத்தியும் அதில் மாண்டுவா வரை போய் வருகிறாள் என்பதால் இந்த உத்தியோகத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய படகை வாங்குகிறவர்கள் முதல் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். புது மெத்தை, பளபளக்கும் பெயிண்ட், டிவி மாதிரி ஒரு ஜி.பி.எஸ். திரை என்று கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் செலவு நடக்கிறது. படகை மூழ்கடிப்பவையோ கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். சொந்தக்காரர் குனிந்து, தவழ்ந்து, கையில் கிரீஸ் பட்டுத் தானே செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

முதலாவது, அடித்தளத்து ஓட்டைகள். ஓட்டையே இல்லாத படகு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வரவும், சமையல் தொட்டித் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் வெளியே போகவும் நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதில் ஒரு ரப்பர் ஹோஸ், ஹோஸைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப். அந்த ஒற்றைக் கிளிப் துருப்பிடித்து அறுந்தால் என்ன ஆகும்? இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலத் துளை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் உள்ளே பாயும். அதாவது பத்து பக்கெட். மும்பைக் குடித்தனக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழாய் ஒருநாளும் இப்படிக் கொட்டியதில்லை!

பரிகாரம் சுலபம். இடமிருக்கும் ஹோஸில் எல்லாம் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரண்டு கிளிப் போடுங்கள். வால்வுகளை மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள். அசைக்காத வால்வு இறுகிப்போய் அவசரத்தில் திரும்பாது. ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அதன் அளவுக்குச் சீவிய மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு உடைந்தால் ஆப்பை அடித்து இறுக்கினால் பிழைத்தோம். பித்தளை வால்வு இருந்தால் சுரண்டிப் பாருங்கள். பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அந்த வால்வு பெயருக்குத்தான் உலோகம். வெண்கல வால்வாக மாற்றிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, மேல்தளம். நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். மணி மாதிரி ஒலித்தால் நல்ல சக்கரம். உடைந்த பானை மாதிரி ஒலித்தால் அந்தப் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். அதே வித்தை படகிலும் செல்லும். பழைய படகுகளில் பலவற்றின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே லேசான மரம் வைத்துச் செய்தது. போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கினால் நடுமரம் ஊறி அழுகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்றால் நல்லது. தொப் என்றால் உள்ளே ஊறியிருக்கிறது.

அழுகல் பரவுமுன் செய்ய வேண்டியது இது. போல்ட்டைக் கழற்றித் துளையைப் பெரிதாக்கி, ஈரமரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்சியால் அடைக்க வேண்டும். அது கெட்டியானதும் நடுவில் பழைய அளவுக்குத் துளைபோட்டுப் போல்ட்டை முறுக்கினால், இனி தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. விட்டுவைத்தால் மேல்தளத்தையே பெயர்க்க நேரும்.

மூன்றாவது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள். அத்தனை பாரத்தையும் தாங்கும் ஊசிகள் கழன்று விழாமல் காப்பது ஒரு சின்ன ஸ்பிலிட் பின். ரயில் பெட்டியின் அடியில் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பின்னின் மதிப்பு தெரியும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். புதிது போட்டு, முனையை விரித்து, பாய் கிழியாமல் டேப் சுற்றுங்கள். கம்பி வடத்தின் முனையில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த வடத்தின் ஆயுள் முடிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் இடுக்கில் அதுவும் அரிக்கும், அதுவும் உள்ளுக்குள்ளே.

நான்காவது, மின்சாரம். பாய்மர உச்சியில் 25 வாட் பழைய பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 25 ஆம்பியர்-மணி போய்விடும். அதே வேலையை 3 வாட் எல்.ஈ.டி. விளக்கு 3 ஆம்பியர்-மணியில் முடித்துவிடும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். வயர் ஈயம் பூசிய செம்பாக இருந்தால் நல்லது. வெறும் செம்பு கடற்காற்றில் கறுத்துப் போகும்.

ஐந்தாவது, சமையல் கேஸ். அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலையும் கதவையும் திறக்கிறோம். படகில் அது வெளியே போக வழியில்லாமல் அடித்தளத்தில் போய்த் தங்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரை வெளித்தளத்தில் தனிப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலிருந்து கடல்பக்கம் ஒரு துவாரம் விடுங்கள். சமைத்து முடிந்ததும் அடுப்பை மூடினால் போதாது, சிலிண்டரையே மூடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

கடைசியாக, பெட்டியில் மேல் பெர்த்துக்குத் தடுப்பு இருக்கிறதே, அதுபோலப் படகின் படுக்கைக்கும் வேண்டும். கெட்டிக் கான்வாஸ் துணியை ஓரம் தைத்து, படுக்கைக்கு அடியில் திருகி, மேல்முனையைக் கயிற்றால் கட்டினால் படகு சாய்ந்தாலும் தூங்குபவர் உருள மாட்டார். எங்கள் படகுக்கு என் மனைவி வீட்டு மெஷினிலேயே தைத்துக் கொடுத்தாள். மேல்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை வாரை இறுகக் கட்டி, இடுப்புவாரின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு நடக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இதற்குப் பிறகு மெத்தை வாங்கலாம், ஆட்சேபணை இல்லை.

“காசு கொடுத்தால் ஆள் வந்து செய்துவிட்டுப் போகிறான், மாமா” என்றார் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர். செய்வான்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரை தெரியாத தண்ணீரில் அவன் உங்களோடு இருக்கமாட்டான். தானே கழற்றி மாட்டியவனுக்கு இருட்டிலும் கை அந்த வால்வுக்குப் போகும். பில் மட்டும் கொடுத்தவன் டார்ச்சைத் தேடிக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அடியிலுள்ள பாரக்கட்டையின் போல்ட்டுகள், வடங்களை முழுதாக மாற்றுவது ஆகியவை தேர்ந்தவர்கள் வேலை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1985–87இல் ‘திரிஷ்ணா’ என்ற 37 அடிப் பாய்மரப் படகில் நம் ராணுவப் பொறியாளர்கள் உலகைச் சுற்றி வந்தார்கள். கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி, 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் தனியாளாக உலகைச் சுற்றி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். அந்தப் போட்டியில் 1988க்கு முந்தைய வடிவமைப்புப் படகுகளுக்குத்தான் அனுமதி. கரையில் இறங்காமல், யாரிடமும் பொருளுதவி வாங்காமல் போக வேண்டும். உடைந்ததையெல்லாம் படகில் கிடைத்ததைக் கொண்டு அவரே சரிசெய்துகொண்டார். பழைய படகு தோற்கவில்லை. வேலை தெரிந்த கை அதில் இருந்தது.

இப்போது படகு இல்லாத அன்பர்களிடம் வருகிறேன். நம் அப்பாக்கள் இந்த ஊருக்கு வந்தபோது பலரிடம் இருந்த மூலதனம் கைத்தொழில்தான். ஃபிட்டராக, டர்னராக, வெல்டராக நின்று நம்மைப் படிக்கவைத்தார்கள். படித்த நாம், பிள்ளைகள் கையில் ஸ்பானரைக் கண்டால் “உனக்கு எதற்கு இந்த வேலை, போய்ப் படி” என்கிறோம். சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றத் தெரியாத எஞ்சினீயர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். டிப்ளமாக்காரனுக்குப் பட்டதாரிகள்மேல் பொறாமை என்று நினைத்தாலும் சரி, சொல்லத்தான் வேண்டும். ஃப்யூஸ் போனால் பயப்படாமல் மெயினை அணைக்கத் தெரிவதும், கேஸ் வாசனை வந்தால் முதலில் எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட படிப்பு.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கம், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாகாதா? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையன்களும் பெண்களும் வரட்டும். குழாய், சுவிட்ச், பூட்டு, சைக்கிள் என்று வீட்டிலிருப்பதை வைத்தே தொடங்கலாம். ஓய்வுபெற்ற ரயில்வே, மில், துறைமுகத் தொழிலாளர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறோம், அழைத்தால் வருவோம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கருவிப் பெட்டிக்குச் சங்கம் செலவு செய்ய வேண்டாம். என்னுடையது இருக்கிறது.