எங்கட பை ஏன் இவ்வளவு பாரம்?

"என்ன, வீட்டையே தூக்கிக்கொண்டு வாறியோ?"

எங்கட பையைக் கண்டால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். நாங்களும் சிரித்துவிட்டு, "ஓம், கொப்பியள்" எண்டு சொல்லிச் சமாளிப்போம். உள்ளே கொப்பி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சமெல்லாம் வருத்தத்துக்கான சாமான்கள்.

எங்கள் நண்பர் வட்டத்தில் மூன்று பேர் நீண்டகால வருத்தத்தோடு வாழ்கிறோம். ஒருவருக்கு முதலாம் வகை நீரிழிவு, ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்கு வலிப்பு. ஒருநாள் பின்னேரம் மூன்று பேரின் பைகளையும் மேசையில் கொட்டிப் பார்த்தோம். பகிடியாகத்தான் தொடங்கினோம், கொஞ்ச நேரத்தில் பகிடி நின்றுவிட்டது.

நீரிழிவுக்காரரின் பையில் இன்சுலின், ஊசிகள், சீனி பார்க்கிற மெஷின், ஸ்ட்ரிப்ஸ், குளுக்கோஸ் பக்கற், ரொபி, பிஸ்கற், பாவித்த ஊசி போட மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தல். ஆஸ்துமாக்காரரிடம் நீல இன்ஹேலர், இரண்டு மாஸ்க். மூன்றாவது பையில் ஒரு நாளுக்கான குளிசை, தவறினால் போட இன்னொரு நாளுக்கானது, ஒரு மாற்றுடுப்பு, வீட்டு இலக்கம் எழுதிய கடதாசி. இவற்றைவிட மூன்று பைகளிலும் பொதுவாகக் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரத் துண்டு, குடை.

பிறகு அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்தோம். வருத்தம் கேட்கிற சாமான் ஒரு பக்கம், நாங்கள் போகிற இடங்கள் சரியில்லாததால் காவுகிற சாமான் மறுபக்கம். ரியூற்றரியில் குடிக்கத் தண்ணி இல்லை, அதால போத்தல். மலசலகூடத்தில் சவர்க்காரம் இல்லை, அதால அந்தத் துண்டு. றோட்டுத் தூசிக்கும் குப்பை எரிக்கிற புகைக்கும் மாஸ்க். கிளினிக்கில் விடியவே நம்பர் எடுத்துவிட்டு மத்தியானம் மட்டும் இருக்கவேண்டி வரும், அதால பிஸ்கற். மேலதிகக் குளிசை கொண்டுதிரிகிற பழக்கம் 2022இல் வந்தது. மருந்துக்கும் தட்டுப்பாடு, எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. போன இடத்திலிருந்து எப்போது திரும்புவோம், அடுத்த மாதம் மருந்து கிடைக்குமா என்று தெரியாமல் இருந்த காலம் அது. தட்டுப்பாடு குறைந்த பிறகும் பயம் பையை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருந்தது. எங்கட பையின் பாரத்தில் பாதிக்குமேல் எங்கட உடம்பின் குற்றமில்லை என்று அன்றுதான் விளங்கியது.

'நோயோடு வாழ்பவர்கள் பை அடுக்குவது எப்படி' என்று வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய உண்டு. அழகான சின்னப் பைகள், நிறம் நிறமாய்ப் பெட்டிகள். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அவர்கள் சனம் நெரியிற பஸ்ஸில் சித்திரை வெயிலுக்குள் போவதில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். திறந்ததைப் பொதுவாக நாலு கிழமை மட்டும் வெளியே வைக்கலாம், ஆனால் 30 பாகையைத் தாண்டக்கூடாது. எங்கட ஊரில் சித்திரை மாதம் 30 பாகை என்பது நிழலுக்குள்ளேயே தாண்டிவிடும். ஸ்கூற்றி சீற்றுக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காக ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவும் ஏலாது, உறைந்தால் இன்சுலின் பழுது. நாங்கள் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டு, பையின் நடுவில் கொப்பிகளுக்கிடையில் வைக்கிறோம். அவ்வளவுதான் எங்கட தொழில்நுட்பம்.

வெயிலைவிடப் பெரிய கரைச்சல், ஒளிப்பது. "பொம்பிளப் பிள்ளை, நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கலியாணம் பேசேக்க பிரச்சினை" என்று வீட்டில் சொல்வார்கள். பெடியன்களுக்கு வேறு பிரச்சினை. போதைப்பொருள் பற்றிய பயம் ஊர் முழுக்க இருக்கிற நேரத்தில், பையில் ஊசியோடு பிடிபட்டால் விளக்கம் சொல்லியே நாக்கு வறண்டுவிடும். அதனால் பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, எல்லாவற்றுக்கும் சிப்.

ஒருநாள் ரியூசனில் எங்களில் ஒருவருக்குச் சீனி இறங்கிவிட்டது. கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கதை குழறுகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணி தெளித்தார்கள், கொப்பியால் விசுக்கினார்கள். ரொபி ஒரு அடி தூரத்தில்தான் இருந்தது, மூன்று சிப்புக்கு உள்ளே. அது யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு பிள்ளை தன்னுடைய இனிப்புப் பானத்தைக் குடிக்கக் கொடுத்ததால் தப்பினோம். நாங்கள் தேடித் தேடி அடுக்கின பை அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். "எல்லாருக்கும் சொல்லத்தான் வேணுமோ? எங்கட வருத்தம் எங்கட சொந்த விசயம்" என்றார் ஒருவர். சரிதான், எல்லாருக்கும் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்காவது தெரியவேண்டும் என்று முடிவெடுத்தோம். உங்களுக்குப் பக்கத்தில் எங்களைப்போல ஒருவர் இருந்தால் இவ்வளவு தெரிந்தால் காணும்:

சீனி 70க்குக் கீழே இறங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று நாலு தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் கொடுங்கோ. 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கோ. சொக்லேற்றில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்கவேண்டாம், அழுத்திப் பிடிக்கவேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒரு பக்கமாகச் சரித்துவிட்டு, நேரத்தைப் பாருங்கோ. 5 நிமிடத்துக்கு மேல் போனால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ, அது இலவசம்.

இன்ஹேலரை ஒளித்து வைத்து விளையாடவேண்டாம். எங்களுக்கு அது நடந்திருக்கிறது.

பாடசாலைகளிடமும் ரியூற்றரிகளிடமும் வேலைத்தலங்களிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாத விசயங்கள். சோதனை மண்டபத்தில் பையை முன்னுக்கு வைக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் மெஷினையும் குளுக்கோஸையும் ஒரு வெள்ளைப் பொலித்தீன் பையில் போட்டு மேசையில் வைக்க விடுங்கோ. நடுங்குகிற கையைத் தூக்கி, முந்நூறு பேருக்கு முன்னால் "சேர், ரொபி எடுக்கலாமோ?" என்று கேட்க வைக்கவேண்டாம். ஊசி போட ஒரு கதவு பூட்டுகிற இடம் வேண்டும், மலசலகூடம் அதற்கான இடமில்லை. பிரிஜ் இருந்தால் ஒரு மூலை. குடிக்கத் தண்ணி. இவ்வளவும் இருந்தால் அந்த இரண்டாவது குவியலில் பாதியை நாங்கள் வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

இப்போது எங்கட ரொபி வெளிப் பொக்கற்றில் இருக்கிறது, சிப் இல்லாத பொக்கற். கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் மேலே. அன்றைக்குக் கொப்பியால் விசுக்கின பெடியன் தன்ர சேட் பொக்கற்றிலும் இரண்டு ரொபி வைத்திருக்கிறான். ஒன்றை இடைக்கிடை அவனே சாப்பிட்டுவிடுகிறான் என்பது வேறு கதை.

அடுத்தமுறை யாராவது பாரமான பையோடு வந்தால், வீட்டைத் தூக்கிக்கொண்டு வாறியோ என்று கேட்கவேண்டாம். கொஞ்சம் பழகின ஆளென்றால், தனியாக இருக்கும்போது, "ஏதும் அவசரமெண்டா எந்தப் பொக்கற்றில பாக்கிறது?" என்று கேளுங்கோ. பதில் சொல்ல நாங்கள் ரெடி.