ஏடு பெயர்த்தலும் வன்தட்டு மாற்றலும்

பொருள் அழியும், அதிற் பொறித்த எழுத்தும் உடன் அழிதல் வேண்டுமென்பதில்லை. இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. கறையானும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலின், பழைய ஏடு இற்றுப்போகுமுன் புத்தேட்டிற் படியெடுத்து வைத்தனர். அவ்வழக்கம் இன்றேல், 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் 1892-ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றுதற்கு டாக்டர் சாமிநாதையரவர்களுக்கு ஏடே கிடைத்திராது.

எம்மூராகிய சின்னமனூர் செப்பேட்டாற் புகழ்பெற்றது. பாண்டியன் இராசசிம்மனுடைய பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் மதுரையிற் சங்கம் நிறுவப்பட்டதையும் கூறுகின்றது. செம்பிற் பொறித்தது ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றது. அவ்வூரில் இன்று மாணாக்கர் எழுதுவனவெல்லாம் மடிக்கணினியின் வன்தட்டிலே தங்குகின்றன. அஃது எத்துணை நாள் நிற்குமென உறுதி கூறுவார் யார்?

2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி முதலியவற்றின் மாணாக்கர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கிற்று. அத்திட்டத்தில் அண்ணனும் அக்காளும் பெற்ற கணினியே எம்மூர் வீடுகள் சிலவற்றில் இன்று தம்பி தங்கையர்க்குத் துணை. இத்தகைய பழங்கணினிகளின் வன்தட்டில், பெரும்பாலும் நிமிஷத்திற்கு 5,400 முறை சுழலும் தகடும், அதனைத் தொடாமல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் முனையும் உள்ளன. நாளடைவில் இவை தளரும், கணினி மந்தமாகும், சிலபோது டிக்டிக் என்னும் ஒலியும் எழும்.

கடைக்குக் கொண்டுசென்றால், "புதுத் தட்டுப் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. எம் தோழர் ஒருவர் இவ்விடைக்கு இசைந்து, பழைய தட்டையும் கேட்டு வாங்காது மீண்டமையால், ஈராண்டுப் பாடக்குறிப்புகளையும் மறைந்த பாட்டியாரின் நிழற்படங்களையும் ஒருங்கே இழந்தார். விலை கொடுத்தும் மீளப்பெறவியலாத பொருள்கள் இவையல்லவோ?

எம் கருத்து இது: வன்தட்டை மாற்றுங்கால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும், முதல் வழி படியெடுத்தலே.

முறை கடினமன்று. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுத் தட்டை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு இணைத்து, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கினால், இயங்குதளம், தொடக்கப் பகுதி, கோப்புகள் யாவும் புதியதிற் படியும். பின்னர் மின்னிணைப்பை நீக்கி, பேட்டரியையும் பிரித்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாற் கணினி முன்போலவே இயங்கும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைந்திருத்தலின், தட்டு மாறியதனால் அது கெடுவதில்லை.

ஆயினும் மூன்று காவல் வேண்டும். புதுத் தட்டின் கொள்ளளவு பழையதிற் குறையலாகாது, 500 ஜி.பி. தட்டுக்கு மாறாக 256 ஜி.பி. வாங்கின், முதற்கண் கோப்புகளைக் குறைத்துப் பகுதிகளையும் சுருக்குதல் வேண்டும். மூலம் எது, படி எது என்பதனை இருமுறை நோக்குக. இரண்டும் மாறினால் வெற்றுத் தட்டு மூலத்தை அழித்துவிடும். பிட்லாக்கர் பூட்டு இருப்பின், அதன் மீட்புக் குறியீட்டை முன்னரே எழுதி வைக்க.

தட்டு ஏற்கெனவே பழுதுற்றதாயின், டிடி-ரெஸ்க்யூ என்னும் கருவி உதவும். அது படிக்கவியலாத இடங்களைத் தாண்டி நல்லனவற்றை முதலில் எடுத்து, எஞ்சியவற்றைப் பின்னர் மீண்டும் முயலும். சிதைந்த ஏட்டில் விளங்கிய எழுத்தை முதலில் எழுதி, விளங்காத இடத்திற்குப் புள்ளியிட்டுச் செல்லும் பதிப்பாசிரியர் முறையும் இதுவன்றோ?

"புதிதாக நிறுவினாற் கணினி தூய்மையாகும், படியெடுத்தாற் பழைய குப்பையும் வைரஸும் உடன்வருமே" என்பார் உளர். உண்மையே. ஏடெழுதுவோர் பிழையும் படிதோறும் தொடர்ந்தே வந்தது. ஆயினும், பிழையுளதென்று ஏட்டை எறிந்தார் அறிஞராகார். முதலிற் படியெடுத்தனர், பின்னரே பாடம் ஒப்பிட்டுத் திருத்தினர். நாமும் அவ்வாறே செய்யலாம். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தமையால், இயங்குதளத்தை மாற்ற விரும்புவோர் மாற்றுக. ஆனால், பழைய தட்டு பழுதின்றிக் கைவசம் இருக்க மாற்றுக. படியெடுத்த பின்னும் அதனைச் சின்னாட்கள் அழியாது வைத்திருத்தல் நன்று.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு கம்பியும், மென்பொருள் ஏற்றிய ஒரு பென் டிரைவும் இருந்தாற் போதும். கணிப்பொறி பயிலும் மாணவர் திங்கட்கு ஒருநாள் மாலையில் உடனிருந்து வழிகாட்டலாம். கணினித் தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர்கள், ஊர் வருங்கால் ஒருமுறை இங்கு வந்து செய்துகாட்டுவார்களாயின், முதலாண்டு மாணவர் பலர் பயன்பெறுவர். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பார்களாக.