வெய்யிலுக்குத் தேசிக்காயும் விளாம்பழமும்



பங்குனி பிறந்துவிட்டால் வெய்யில் முற்றத்தில் கால் வைக்க விடாது. வைகாசிக்குப் பின் வடக்கில் சோழகம் புழுதியை வாரி வீசும். கிழக்கில் கச்சான் காற்று நாக்கையும் உதட்டையும் உலர்த்திவிடும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் கடை வாசலில் தொங்கும் கலர்ப் போத்தல்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். கூலி வேலை செய்து வரும் தாய், அன்றைய சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து அதற்குக் கொடுக்க வேண்டியுள்ளது. அதே வேளை வளவுக் கோடியில் தேசிக்காய் பழுத்து விழுந்து மண்ணோடு மண்ணாகிறது. விளாம்பழத்தைப் பொறுக்குவாரில்லை. கடைக்குப் போகும் காசை வீட்டில் நிறுத்தி, பிள்ளைக்கு நல்ல பானமும் கொடுக்க என்ன வழி என்பதையே இம்மாதம் பார்ப்போம்.

தாகம் வருமுன் குடியுங்கள்

எங்களில் பலர் காலையில் ஒரு தேநீரைக் குடித்துவிட்டு வயலுக்கோ, தோட்டத்துக்கோ, வீதி வேலைக்கோ போனால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாததே இதற்கு முக்கிய காரணம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, குடியாமலே இருந்து பழகிவிட்டோம். உடலில் நீர் குறைந்தால் தலையிடி, தலைச்சுற்று, சிறுநீர் கடுப்பு என்பன வரும். சிறுநீரை அடக்கி வைப்பதால் கிருமித் தொற்றும் ஏற்படலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது ஒரு போத்தல் கொண்டு செல்லுங்கள். கழிப்பறை வசதியைக் கேட்பது வெட்கத்துக்குரிய விடயமல்ல. நான்கு பெண்கள் சேர்ந்து கேட்டால் மேற்பார்வையாளரும் செவிமடுப்பார்.

கடைப் போத்தலைப் படியுங்கள்

இலங்கையில் 2016 ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இடப்படுகிறது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. சிவப்பு அடையாளம் உள்ள பானத்தில் 200 மில்லி லீற்றர் குடிக்கும் பிள்ளை 22 கிராமுக்கு மேல் சீனியை விழுங்குகிறது. அது நாலு தேக்கரண்டிக்கு மேல். வீட்டில் பிள்ளையின் தேநீருக்கு நாலு கரண்டி சீனி போடுவோமா? வாசிக்கத் தெரியாத அம்மாவும் இந்த நிறத்தைப் பார்த்து அறியலாம்.

முதலில் தண்ணீரும் பாத்திரமும்

எந்தப் பானமானாலும் கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும். நீர் நன்கு தளதளவென்று கொதிக்க வேண்டும், இளஞ்சூடு போதாது. ஆறிய நீரை மூடியுள்ள மண்பானையில் ஊற்றி, ஈர மணலின் மேல் நிழலான இடத்தில் வையுங்கள். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோகும். குளிரூட்டி இல்லாத வீட்டிலும் குளிர்ந்த நீர் கிடைக்கும். பானைக்குள் கையையோ பேணியையோ விடாமல் காம்புள்ள அகப்பையால் அள்ளுங்கள். கடையில் வாங்கும் ஐஸ் கொதிக்காத நீரில் செய்யப்பட்டிருக்கலாம். அதைப் பானத்தில் போட்டால் நீரைக் கொதிக்க வைத்த பயனே இல்லாமற் போய்விடும்.

தேசிக்காய், விளாம்பழம் போன்ற புளிப்பான பழங்களை அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் கரைத்து வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். எவர்சில்வர், கண்ணாடி, மண் பாத்திரம் என்பன நல்லவை.

அன்றாடம் குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர்

இரண்டு குவளைக்குச் சாறுள்ள ஒரு தேசிக்காய் போதும். காயை இரு உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டிய பின் வெட்டினால் சாறு கூடுதலாக வரும். விதையை எடுத்துவிட்டு மெதுவாகப் பிழியுங்கள். தோலை நசுக்கினால் கைப்பு இறங்கும். ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி சீனி, அல்லது அதேயளவு சீவிய பனங்கட்டி, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்கவும். சூடான நீரில் பிழிய வேண்டாம். தேசிக்காயிலுள்ள விற்றமின் சி வெப்பத்தில் அழிந்துபோகும்.

இந்தத் தண்ணீரைச் சாப்பாட்டுடன் குடிப்பதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. எமது பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்கும், கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கும், எந்நேரமும் களைப்பு. இறைச்சி, மீன் வாங்க வசதியில்லாத வீட்டில் கீரை, பயறு, கௌபி என்பவற்றிலிருந்தே இரும்புச்சத்துக் கிடைக்க வேண்டும். அந்தச் சத்தை உடல் இலகுவில் உறிஞ்சாது. விற்றமின் சி கூட இருந்தால் நன்றாக உறிஞ்சும். மாறாக, சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுத்துவிடும். ஆகவே சோறும் கீரையும் உண்ணும்போது ஒரு குவளை தேசிக்காய்த் தண்ணீர் குடியுங்கள். தேநீரை ஒரு மணித்தியாலத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீருடன் விழுங்காமல் இத்தண்ணீருடன் விழுங்கலாம். செலவு ஒன்றுமில்லை, குடிக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

வைத்துப் பாவிக்கத் தேசிக்காய்ப் பாணி

காய் மலிந்த நேரத்தில் வீணாக்காமல் பாணி செய்து வைக்கலாம்.

தேவையான பொருட்கள்: தேசிக்காய்ச் சாறு 250 மில்லி லீற்றர் (12 முதல் 15 காய் வரை தேவைப்படும்), சீனி 500 கிராம், தண்ணீர் 250 மில்லி லீற்றர்.

செய்முறை: கண்ணாடிப் போத்தலைக் கழுவி, குளிர்ந்த நீருள்ள சட்டியில் வைத்துச் சூடாக்கி, கொதி வந்தபின் 10 நிமிடம் விடுங்கள். கொதிநீரில் திடீரெனப் போட்டால் போத்தல் வெடிக்கும். பின் எடுத்துக் கவிழ்த்து உலர விடவும். சீனியையும் தண்ணீரையும் அடுப்பில் வைத்துக் கரைந்து கொதித்ததும் மெல்லிய துணியில் வடியுங்கள். சீனியிலுள்ள தூசு நீங்கிவிடும். பாணி முற்றாக ஆறிய பின்னரே வடித்த சாற்றைச் சேர்க்க வேண்டும். சாற்றையும் சேர்த்துக் காய்ச்சினால் கைக்கும். ஈரமில்லாத போத்தலில் ஊற்றி இறுக மூடுங்கள். முக்கால் லீற்றர் போத்தலுக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். அதிலேயே நாலு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த சீனி இருக்கிறது. எனவே இதை விருந்தினருக்கும் விசேட நாட்களுக்கும் வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு மேலே சொன்ன தண்ணீரையே கொடுங்கள். குளிரூட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். குளிரூட்டி இல்லாதவர்கள் இரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். நுரைத்தாலோ, மூடியைத் திறக்கும்போது காற்று வெளிவந்தாலோ, கள் வாசம் அடித்தாலோ தயங்காமல் ஊற்றிவிடவும்.

விளாம்பழப் பானம்

விளாம்பழத்தின் பதத்தை ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள். காயாக இருந்தால் துள்ளும், முற்றியதாயின் துள்ளாமல் விழும். முற்றியதை வெய்யிலில் சில நாள் வைத்தால் பழுத்து மணக்கத் தொடங்கும்.

ஒரு பெரிய பழத்தை உடைத்துச் சதையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். சதையுடன் ஒரு குவளை இளஞ்சூடான கொதித்தாறிய நீரை விட்டுக் கையால் நன்கு பிசைந்து, 10 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். சக்கைக்கு மேலும் இரண்டு குவளை நீர் விட்டுப் பிசைந்து மறுபடியும் வடிக்கவும். பனங்கட்டிக் குட்டானில் இருந்து மூன்று மேசைக்கரண்டியளவு சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்குங்கள். விரும்பினால் அரைக் குவளை முதற் தேங்காய்ப்பால் விடலாம். பால் விட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

பனங்கட்டி வாங்கினால் அந்தக் காசு எமது பனைத் தொழிலாளர் வீட்டுக்கே போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழம் பொறுக்கப் போகும்போது

விளாம்பழம், பாலைப்பழம், நாவற்பழம் தேடிப் பற்றைக்குள் போகும் பழக்கம் வன்னியிலும் கிழக்கிலும் உண்டு. யுத்தம் 2009 இல் முடிந்த பின் பெரும்பாலான நிலங்களில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் எல்லா இடமும் துப்புரவாகவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுச் சின்னம் இருந்தால் அதற்கு அப்பால் காலடி வைக்க வேண்டாம், எவ்வளவு பழம் தெரிந்தாலும் சரி. பலகை விழுந்தோ களவு போயோ இருக்கவும் கூடும். ஆட்கள் வழமையாக நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளைத் தனியே பழம் பொறுக்க அனுப்பாதீர்கள். ஒரு பழத்துக்காக ஒரு காலை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

வளவில் ஒரு தேசிக் கன்று நட்டால் இந்த அலைச்சல் குறையும். ஒட்டுக் கன்று மூன்று ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். பாத்திரம் கழுவிய நீரை அதன் பாத்திக்குத் திருப்பிவிட்டால் கோடையிலும் தப்பிவிடும்.

இது மருந்தல்ல

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குப் பழரசம் கொடுக்க வேண்டாம். கூடிய சீனி வயிற்றோட்டத்தை அதிகரிக்கச் செய்யும். ஜீவனி பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். அது கைவசம் இல்லையெனில் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீரும்கூட வேண்டாம். வெய்யில் காலத்தில் தாய் கூடுதலாக நீர் அருந்தினால் போதும். நீரிழிவு உள்ளவர்கள் சீனியோ பனங்கட்டியோ சேர்க்காமல் குடிக்க வேண்டும். பனங்கட்டியும் சீனிதான்.

விற்க நினைப்பவர்களுக்கு

தோலகட்டித் துறவிகளின் நெல்லி ரசத்தை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. எமது பழங்களுக்குச் சந்தை உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் போத்தலில் அடைத்து விற்பதற்குப் பாதுகாப்புப் பதார்த்தத்தை அளவாகச் சேர்க்கும் பயிற்சியும், திகதியிட்ட லேபலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையும் தேவை. பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பயிற்சிகளைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை அன்றன்று செய்து, பாடசாலை விடும் நேரத்திலோ கோயில் திருவிழாவிலோ குவளைக் கணக்கில் விற்றுப் பார்க்கலாம்.

சீனி, பனங்கட்டி, விறகு, குவளை ஆகியவற்றின் செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள். அதைப் போடாமல் விலை வைத்தால் இலாபம் போலத் தெரிவது உண்மையில் உங்கள் சம்பளம். இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். வாராவாரம் வாசலுக்கு வரும் தவணை எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். 10 தேசிக்காயுடனும் ஒரு கிலோ சீனியுடனும் தொடங்கலாம். அந்த வருமானத்தில் அடுத்த கிலோவை வாங்குங்கள்.

கணவனை இழந்தும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடியும், ஒற்றைக் கையால் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் குடிக்க மறந்துவிடுகிறார்கள். இந்தக் கோடையில் பிள்ளைக்குக் கலக்கும்போது உங்களுக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு பயனுள்ள விடயத்துடன் சந்திப்போம்.