கல்லாப்பெட்டி மீனுக்கும் அளவு உண்டு



மளிகைக் கடைகள் சிலவற்றில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிப் பாட்டிலும், அதனுள் துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கும் ஒரு ஃபைட்டர் மீனும் இருக்கக் காண்கிறோம். சிலர் கடைக்கு நல்லது என்று வைக்கிறார்கள். சிலர் பிள்ளைகளுக்கு விற்பதற்காகப் பிளாஸ்டிக் கப்புகளில் வரிசையாகவே வைக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: அந்த அளவு போதாது.

நாமும் இந்தத் தவறைச் செய்தவர்கள்தாம். நமது மொத்தக் கடையின் கணக்கு மேஜையில், காலி ஊறுகாய் பாட்டிலில் ஒரு சிவப்பு மீனை வளர்த்தோம். "இது சேற்றிலேயே வாழும், காற்றுக் குழாய்கூட வேண்டாம்" என்று விற்றவர் சொன்னதை நம்பினோம். மூன்று மாதத்தில் துடுப்பு கிழிந்து, அடியில் படுத்துச் செத்தது. அடுத்து வாங்கியதும் அப்படியே. "தாத்தா, தப்பு மீன் மேல் இல்லை, பாட்டில் மேல்தான்" என்று பேரன் சொன்ன பிறகே விசாரித்தோம்.

விற்றவர் சொன்னது பாதி உண்மை. தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் மீன் இது. 2019-இல் அந்நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. அதனால்தான் பாட்டிலில் உடனே சாவதில்லை. ஆனால் வயலில் ஆழம் குறைவே தவிர, பரப்பு குறைவல்ல. உடனே சாகாததை நன்றாக வாழ்வதாக நாம் கணக்கெழுதிவிட்டோம்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதே கழிவு 20 லிட்டரில் கலப்பதைவிட அரை லிட்டரில் கலந்தால் 40 மடங்கு கடுமை. ஒரு கைப்பிடி உப்பைச் செம்பில் போடுவதும் அண்டாவில் போடுவதும் ஒன்றாகுமா?

ஆகவே ஒரு மீனுக்கு 20 லிட்டர், அதாவது நாம் கடைக்கு வாங்கும் ஒரு கேன் தண்ணீர் அளவு, வேண்டும். 16 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரமுள்ள தொட்டியில் 8 அங்குலம் தண்ணீர் விட்டால் இது கிடைக்கும். இடமில்லாதவர்களும் 10 லிட்டருக்குக் கீழே போகக் கூடாது. காற்றுக்காக அடிக்கடி மேலே வரும் மீன் என்பதால் உயரமான ஜாடியைவிட அகலமான தொட்டியே நல்லது. ஒரு தொட்டியில் ஓர் ஆண் மீன்தான்; இரண்டு விட்டால் சண்டையிட்டுக்கொள்ளும். துள்ளி வெளியே விழாமலும், மிளகாய்த் தூள் நெடியும் சாம்பிராணிப் புகையும் இறங்காமலும் இருக்க, காற்றுச் சந்து விட்டு மூடி போட வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

"மீன் விலையைவிடத் தொட்டி விலை பல மடங்கு ஆகிறதே, இதைச் சொன்னால் யார் வாங்குவார்?" என்று நண்பர்கள் கேட்கலாம். வாங்காமல் போகட்டும். கப்போடு வாங்கிப்போன பிள்ளை, மீன் செத்த அன்று நமது கடையைத்தான் நினைக்கும். நாளை அந்தப் பிள்ளைதான் நமது வாடிக்கையாளர்.

பருப்பில் 50 கிராம் குறைந்தால் வாங்கியவர் திரும்பி வந்து கேட்பார். மீனுக்குக் கேட்க வாயில்லை. கேட்க முடியாதவருக்கும் அளவு குறைக்காதவனே வியாபாரி. விற்பவர்கள் தொட்டி அளவைச் சொல்லி விற்கவும், வளர்ப்பவர்கள் இன்றே பாட்டிலை மாற்றவும் வேண்டுகிறோம்.